நிமிஷத்துக்கு 478 ரூபாய்

அரையாண்டுப் பரீட்சை முடிந்தால் பிள்ளைகளுக்கு லீவு. அப்பா, அம்மாவுக்குக் காய்ச்சல். 'எங்கே கூட்டிட்டுப் போகப் போறீங்க?' என்கிற காய்ச்சல்.

2025 டிசம்பரில் அது எனக்கும் வந்தது. பெரியவனுக்கு ஆறு வயது. சின்னவளுக்கு மூன்று. பள்ளிக்கூட வாசலில் மற்ற பெற்றோர் எல்லாம் தீம் பார்க், ரிசார்ட் என்று பேசிக்கொண்டிருந்ததில் என் மனைவிக்கும் ஆசை வந்துவிட்டது. எனக்கும் ஆசைதான், மறைப்பானேன்? மச்சான் போனில் சொன்னார்: "மாப்ளே, பார்க்கை ஒட்டியே ரூம் போடுங்க. சின்னப் பசங்க இருக்கிற வீட்டுக்கு அதுதான் சௌகரியம்."

போட்டோம். எந்த ஊர், எந்த ரிசார்ட் என்று சொல்லப்போவதில்லை. அவர்கள் எங்களை ஏமாற்றவில்லை. ரூம் சுத்தமாக இருந்தது. வாசலில் சல்யூட் அடித்தார்கள். சின்னவள் கையில் ஒரு பலூனும் கொடுத்தார்கள். நாங்கள் ஏமாந்தோம் என்பதுதான் விஷயம். ஏமாற்றாமலேயே ஒருவரை ஏமாற வைக்க முடியும் என்பதுதான் இந்தத் தொழிலின் சாமர்த்தியம்.

நான் படித்தது பி.காம். படித்ததில் பாதி மறந்துவிட்டது. ஆனால் பில் கைக்கு வந்தால் கூட்டிப் பார்க்கிற வியாதி மட்டும் இன்னும் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் கூட்டினேன்.

ரூம் வாடகை ஒரு நாளைக்கு 7,600 ரூபாய். வரி 18 சதவிகிதம், 1,368 ரூபாய். ஆக 8,968. இரண்டு இரவுக்கு 17,936. நுழைவுச் சீட்டு நாலு பேருக்கும் சேர்த்து 4,650. சாப்பாடு 6,380. லாக்கர், நீச்சல் உடை, அந்த உடைக்கு ஒரு தொப்பி, இத்யாதி 1,150. மொத்தம் 30,116 ரூபாய். பெட்ரோல் செலவை மனைவிக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

இப்போது வரவுப் பக்கம். தீம் பார்க்கில் வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் அளக்கிறார்கள். வாசலிலேயே ஓர் அளவுகோல். பெரியவன் 112 சென்டிமீட்டர், சின்னவள் 94. விளம்பரத்தில் தலைகீழாகத் தொங்கிச் சிரிக்கிறார்களே, அந்தப் பெரிய ராட்டினங்களுக்கு 120, 140 என்று உயரக் கணக்கு. பையனுக்கு அனுமதி கிடைத்தது ஏழில். பெண்ணுக்கு நாலில். ஒரு சவாரி நாலைந்து நிமிஷம். சிலதில் இரண்டு முறை. இரண்டு பேரும் நிஜமாகவே ராட்டினத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கூட்டினால் 63 நிமிஷம்.

30,116-ஐ 63-ஆல் வகுத்துப் பாருங்கள். நிமிஷத்துக்கு 478 ரூபாய்.

மீதி நேரம்? வரிசையில் நின்றோம். வெயிலில் நடந்தோம். மத்தியானம் ரெண்டு மணிக்குச் சின்னவள் தூக்கத்துக்கு அழ ஆரம்பித்தாள். தூக்கிக்கொண்டு ரூமுக்கு வந்து, தூங்க வைத்து, எழுப்பித் திரும்பினால் பார்க் மூடுகிற நேரம். மறுநாள் இரண்டு பேரும் பார்க்குக்கு வர மாட்டோம் என்று அடம் பிடித்தார்கள். ஏன் தெரியுமா? ரிசார்ட் லிஃப்ட்டில் பட்டன் அமுக்கணுமாம். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது, அதைப் பார்க்கணுமாம்.

லிஃப்ட்டும் பூனையும் எங்கள் தெருவிலேயே உண்டு.

*

இது ஏதோ என் வீட்டுக் கதை இல்லை. இந்தத் தொழிலின் அஸ்திவாரமே இதுதான். கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன், கேளுங்கள்.

1951-ல் அமெரிக்காவில் கெம்மன்ஸ் வில்சன் என்பவர் மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு டூர் போனார். வழியில் தங்கிய மோட்டல்களில் ரூம் வாடகை போக, குழந்தை ஒன்றுக்கு இரண்டு டாலர் என்று கூடுதலாக வாங்கினார்கள். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த வருஷமே மெம்ஃபிஸ் நகரில் தானே ஒரு விடுதி கட்டினார். பெற்றோரோடு தங்கினால் குழந்தைக்குத் தனிக் காசு கிடையாது என்றார். அதுதான் ஹாலிடே இன். உலகம் முழுக்கப் பரவியது. குழந்தையோடு பயணம் போகிறவனின் கஷ்டத்திலிருந்து பிறந்த விடுதி அது.

1955-ல் கலிஃபோர்னியாவில் வால்ட் டிஸ்னி தன் பூங்காவைத் திறந்தார். பணம் முழுக்கப் பூங்காவுக்கே போய்விட்டதால், பக்கத்தில் ஹோட்டல் நடத்தும் உரிமையை ஜாக் ராதர் என்கிற டி.வி. தயாரிப்பாளருக்குக் கொடுத்தார். கூட்டம் குவிந்தது. சுற்றிலும் மோட்டல்கள் முளைத்தன. கூட்டத்தைக் கூட்டியது டிஸ்னி, கல்லாவில் போட்டது அக்கம்பக்கத்தார். டிஸ்னி பாடம் கற்றுக்கொண்டார். அடுத்த பூங்காவுக்கு ஃப்ளோரிடாவில் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் ரகசியமாக 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கிப் போட்டார். அவர் 1966-ல் இறந்துவிட்டார். 1971 அக்டோபரில் அந்தப் பூங்கா திறந்த அன்றைக்கே அதற்குள் இரண்டு சொந்த ஹோட்டல்களும் திறந்தன.

முதல் விடுதி, குடும்பத்தின் செலவைக் குறைக்கப் பிறந்தது. இரண்டாவது, குடும்பத்தின் பர்ஸ் வேலியைத் தாண்டி வெளியே போகாமல் இருக்கப் பிறந்தது. இரண்டுக்கும் வாசலில் ஒரே போர்டுதான் தொங்குகிறது: 'குடும்பத்தோடு தங்க ஏற்ற இடம்.'

நம் ஊரிலும் இதே கதைதான். 1996-ல் வந்த ஐதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டிக்குள் ஹோட்டல்கள் உண்டு. பெங்களூரு வொண்டர்லாவை ஒட்டி 2012-ல் ரிசார்ட் வந்தது. அதே வொண்டர்லா 2025 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில், திருப்போரூர் அருகே இள்ளலூரிலும் பூங்கா திறந்துவிட்டது. வியாபாரம் செய்வது தப்பில்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இரண்டு நாள் பக்கத்திலேயே தங்குவது நியாயமான செலவுதான். காலையில் முதல் ஆளாகப் போய், ராத்திரி கடைசி ஆளாக வரலாம். நான் சொல்வது ஐந்து, ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைப் பற்றி. அந்த வயதுக் குழந்தைக்கு ரிசார்ட் தேவையே இல்லை. ரிசார்ட் தேவைப்படுவது, வாரம் பூராவும் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் அப்பனின் குற்ற உணர்ச்சிக்கு.

எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

*

சரி, போகவே கூடாதா? போங்கள். ஆனால், எதைப் பார்த்து ரூம் போடுவது என்று தெரிந்துகொண்டு போங்கள். எத்தனை ஸ்டார், என்ன வியூ, மரத்து மேலே வீடா, மாயாஜாலக் கோட்டையா என்பதெல்லாம் பெரியவர்கள் போட்டோ எடுப்பதற்கு. குடும்பத்திலேயே சின்னது யாரோ, அதுதான் ரூமைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் பேச முடியாது என்பதால் அதன் சார்பில் நீங்கள் போனில் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, தண்ணீர். நீச்சல் குளத்துக்குத் தனி வேலியும் கதவும் உண்டா? குளத்தருகே காவலுக்கு ஆள் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நிற்கிறார்? உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி, 2021-ல் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். சினிமாவில் காட்டுவதுபோல் குழந்தை கையை ஆட்டி, கத்தி, மூழ்காது. சத்தமே வராது. நீங்கள் ஒரு போன் பேசி முடிப்பதற்குள் முடிந்துவிடும். இரண்டடி ஆழம் போதும். 'குளம் பார்த்த ரூம்' என்று கூடுதல் காசு வாங்குகிறார்களே, கதவைத் திறந்தால் தண்ணீர் என்கிற அந்த ரூம், தேனிலவுத் தம்பதிக்குச் சொர்க்கம். மூன்று வயதுக் குழந்தையின் அம்மாவுக்கு ராத்திரி முழுக்கச் சிவராத்திரி.

இரண்டாவது, பால்கனி. கம்பிகளுக்கு இடையே குழந்தையின் தலை நுழையுமா? கீழே ஏறி நிற்க நாற்காலி போட்டிருக்கிறார்களா? சந்தேகமாக இருந்தால் தரைத்தளம் கேளுங்கள்.

மூன்றாவது, தூக்கம். மத்தியானம் ரூமுக்கு வந்துவிட்டு அதே டிக்கெட்டில் மறுபடி உள்ளே விடுவார்களா? விடமாட்டார்கள் என்றால், பக்கத்திலேயே ரூம் போடுவதில் அர்த்தமே இல்லை. 'பார்க்கை ஒட்டி' என்கிறார்களே, ரூம் கதவிலிருந்து பார்க் வாசல் வரை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எத்தனை நிமிஷ நடை?

நாலாவது, சாப்பாடு. ராத்திரி எட்டு மணிக்கு ரசம் சாதமோ இட்லியோ கிடைக்குமா, அல்லது வரிசையாய் இருபது ஐட்டம் பஃபே மட்டும்தானா? பால் காய்ச்ச, வெந்நீர் போட ரூமில் வசதி உண்டா? பஃபேயில் மூன்று வயதுக் குழந்தைக்கு எவ்வளவு? என் பெண் சாப்பிட்டது ஒரு பூரியும் அரை வாழைப்பழமும்.

ஐந்தாவது, உயரம். ரூம் போடுவதற்கு முன்னால் வீட்டுச் சுவரில் பிள்ளையை நிறுத்திப் பென்சிலால் கோடு போடுங்கள். பார்க்குக்குப் போன் செய்து, 'இந்த உயரத்துக்கு எத்தனை ராட்டினம்?' என்று கேளுங்கள். பத்துக்குக் குறைவு என்றால் காலையில் போய் மத்தியானம் திரும்பி வாருங்கள். ரூமே வேண்டாம்.

ஆறாவது, வரி. இது பி.காம். படித்தவனின் உபகாரம். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். அதற்கு மேல் போனால் 18. எங்கள் ரூம் 7,600. அதுவே 7,500 என்றிருந்தால் வரியோடு சேர்த்து 7,875-தான் வந்திருக்கும். வாடகையில் நூறு ரூபாய் வித்தியாசம், பில்லில் 1,093 ரூபாய் வித்தியாசம். புக் செய்வதற்கு முன்னால் 'வரியோடு எவ்வளவு?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இரண்டு நாளில் 2,186 ரூபாய் மிச்சம். நான் கேட்கவில்லை. கௌரவம் தடுத்தது.

*

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த 30,116-க்குப் பிராயச்சித்தமாக, பிள்ளைகளைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி. அங்கிருந்து பஸ். சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர்கள் 1613-ல் ஜெல்டிரியா என்று கோட்டை கட்டி வியாபாரம் செய்த இடம். கோட்டை இப்போது புதர். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் மிச்சம்.

ஏரிக்கரையில் தோணிரேவு என்று ஒரு மீனவ கிராமம். ரேவு என்றால் துறை. தோணி அணையும் துறை. ஆண்கள் ஏரியில் இறாலுக்கும் நண்டுக்கும் போகிறார்கள். பெண்கள் பனை ஓலையில் கூடையும் பெட்டியும் முடைவதில் கைதேர்ந்தவர்கள்.

ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மா ஓலை முடைந்துகொண்டிருந்தார். என் பிள்ளைகள் எதிரே போய் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கவே இல்லை. அவர் பேசிக்கொண்டே ஒரு கிலுகிலுப்பை செய்து பெரியவன் கையில் கொடுத்தார். சின்னவள் அழுவதற்குள் இன்னொன்று. பிறகு கரையில் குழியில் ஓடி ஒளிகிற நண்டு. தூரத்தில் ஒற்றைக் காலில் நிற்கிற பூநாரைக் கூட்டம். தண்ணீரைக் கொத்துகிற நாரை. மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. செலவு இரண்டு கிலுகிலுப்பைக்கு அறுபது ரூபாய்.

'ஆகவே, ரிசார்ட் வேண்டாம், கிராமத்துக்குப் போங்கள்' என்று நான் எழுதப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அந்தப் பொய்யை எழுத மாட்டேன்.

ஏனென்றால், நாலாவது மணி நேரத்தில் சின்னவளுக்கு பாத்ரூம் போகவேண்டியிருந்தது. வெளியூர்க்காரர்களுக்கென்று ஒன்று என் கண்ணில் படவில்லை. அந்த அம்மாதான் தன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். வெயில் ஏறியதும் குழந்தையைப் படுக்க வைக்க நிழலில்லை. குழந்தைகளோடு ஒரு ராத்திரி நிம்மதியாகத் தங்கலாம் என்று நம்பும்படி ஓர் இடத்தையும் நான் பார்க்கவில்லை. கரையில் வேலி இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை. பெரியவன் கட்டியிருந்த படகுப் பக்கம் ஓடினான். ஓலை முடைந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டார்: "சார், கொயந்தையப் புடி! தண்ணி கிட்ட வுடாத!"

பிடித்துக்கொண்டு வந்தேன். "இங்கே ஒரு வேலிகூடப் போட மாட்டேங்கறாங்களே" என்றேன், பட்டணத்துக்காரனின் கவலையோடு.

அவர் ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நீ சாயங்காலம் பூடுவ சார். எங்க கொயந்தைங்க இங்கியேதான கீது."

எனக்குப் பதில் இல்லை. உங்களுக்கு இருக்கிறதா?

*

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் நாள். குடும்பம் குடும்பமாகப் பழவேற்காட்டுக்கு வந்த உறவினர்கள் ஒரு படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் உண்டு. அவர்களும் உங்களையும் என்னையும்போல, 'லீவுக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிட்டுப் போவது?' என்று யோசித்தவர்கள்தான். தீம் பார்க்குக்குப் போக வசதி இருந்ததா, இல்லையா, எனக்குத் தெரியாது. தண்ணீரைப் பார்த்தால் குழந்தைகளுக்குச் சந்தோஷம் என்பது மட்டும் தெரிந்தவர்கள்.

அரசாங்கம் என்ன செய்தது? சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டது. சரி, அன்றைக்கு அது அவசியம். ஆனால், தடைக்குப் பிறகும் படகுகளில் ஆட்களை ஏற்றிப் போகிறார்கள் என்று வருஷா வருஷம் செய்தி வந்தது. ஏன் வராது? ஏரியைப் பார்க்க ஜனங்கள் வருவது நிற்கவில்லை. மீன்பாடு குறைந்த நாளில் படகுக்காரருக்கு நாலு காசு வேண்டும் என்பதும் மாறவில்லை. நடுவில் ஓர் அரசாங்க உத்தரவு மட்டும் காகிதத்தில் நிற்கிறது. தடை என்பது ஒரு நடவடிக்கையின் ஆரம்பம். நம் அதிகாரிகளுக்கு அதுதான் முடிவு. கோப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

இது பழவேற்காட்டின் தலைவிதி மட்டும் இல்லை. 2009-ல் தேக்கடியில் கேரள சுற்றுலாத் துறைக் கழகத்தின் படகே கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் கேரளாவின் தானூரில் 22 பேர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். 2024 ஜனவரியில் குஜராத்தின் வதோதராவில், பிக்னிக் வந்த பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும் டீச்சர்கள் 2 பேரும். ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி, இழப்பீடு, விசாரணை, மறதி. இதே வரிசையில்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நான் ஏன் 30,116 ரூபாய் கொடுத்தேன்? ராட்டினத்துக்கா? 63 நிமிஷத்துக்கு யாராவது அவ்வளவு கொடுப்பார்களா? கொடுத்தது ஒரு சுத்தமான கழிப்பறைக்கு. மத்தியானத் தூக்கத்துக்கு ஒரு நிழலான அறைக்கு. குளத்தருகே விசிலோடு நிற்கிற ஓர் ஆளுக்கு. குழந்தை ஓடினால் தெருவுக்குப் போகாது என்கிற ஒரு காம்பவுண்டு சுவருக்கு.

பாதுகாப்பைத்தான் ரிசார்ட் விற்கிறது. ராட்டினம் அதைச் சுற்றிக் கொடுக்கிற ஜிகினாப் பேப்பர். வெளியே எல்லா இடத்திலும் ஆபத்து இருப்பதால்தான் உள்ளே விலை ஏறுகிறது. ஏரிக்கரையில் ஒரு கழிப்பறையும் வேலியும் கட்டாத அரசாங்கம், ரிசார்ட்காரரின் சம்பளம் வாங்காத விற்பனைப் பிரதிநிதி.

காசு கொடுத்து வாங்கும் அந்தப் பாதுகாப்பும் நூறு சதவிகிதம் இல்லை. 2016 மே மாதம் தாம்பரம் கிஷ்கிந்தாவில் ராட்டினத்தைச் சோதித்துப் பார்க்கும்போது அது சரிந்து, அங்கே வேலை பார்த்த ஓர் இளைஞர் இறந்தார். 2025 மே மாதம் ஈஞ்சம்பாக்கம் விஜிபி பூங்காவில் ஒரு ராட்டினம் உயரத்தில் நின்றுபோய், 30 பேர் மணிக்கணக்கில் தவித்தார்கள். தீயணைப்பு வீரர்கள்தான் பத்திரமாக இறக்கினார்கள். காப்பாற்ற வந்தது கடைசியில் நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

*

'அப்படியானால் பழவேற்காட்டிலும் நாலு ரிசார்ட் கட்டிவிடலாமே' என்று ஒரு குரல் கேட்கிறது. ரியல் எஸ்டேட்காரர்களின் குரல். வேண்டவே வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டோம். மதில் சுவருக்கு மதில் சுவர் ரிசார்ட். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் சந்து தேட வேண்டும். மீனவர்களுக்கு வாட்ச்மேன் வேலை. ஏரிக்கரையில் அது நடந்தால் பறவையும் போகும், இறாலும் போகும், அந்தத் திண்ணையும் போகும்.

வேறு வழி இருக்கிறது. சட்டத்திலேயே இருக்கிறது. 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டின் பரப்பையும் தோற்றத்தையும் மாற்றாமல் அதிலேயே விருந்தினரைத் தங்க வைக்க இடம் கொடுக்கிறது. கேரளாவில் குமரகம் ஊரில் உள்ளூர் மக்களின் கையில் வருமானம் தங்கும்படியான சுற்றுலாவை 2008 வாக்கில் தொடங்கி, 2017-ல் மாநிலம் முழுவதற்குமாக ஓர் இயக்கமே ஆக்கினார்கள். படகு விபத்தைத் தடுக்க முடியாமல் போன அதே கேரளாதான். ஒன்றைக் கற்றுக்கொள்வோம், மற்றதைத் தவிர்ப்போம்.

யார் வீட்டில் விருந்தினர் தங்குவது என்று சண்டை வராதா? அதற்கும் பழவேற்காட்டு மீனவர்களிடமே பதில் இருக்கிறது. அங்கே 'பாடு' என்று ஒரு பழைய வழக்கம். ஏரியில் இறால் நிறைய விழுகிற இடம் யாருக்கும் சொந்தமில்லை. குலுக்கிப் போட்டு, முறை வைத்து, ஒவ்வொருவரும் மாறி மாறி வலை போடுவார்கள். அதில் இடம் கிடைக்காதவர்களின் மனக்குறை உண்டு, சச்சரவும் உண்டு. அதைச் சரிசெய்து, எல்லாரையும் சேர்த்துக்கொண்டு, விருந்தினருக்கும் ஒரு பாடு வைத்தால் என்ன? இந்த வாரம் அந்த வீடு, அடுத்த வாரம் இந்த வீடு. இது எம்.பி.ஏ. படித்து வருகிற யோசனை இல்லை. ஏரிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிற கணக்கு.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. திறப்பு விழா, கல்வெட்டு எதுவும் வேண்டாம். ஐந்தே ஐந்து சமாசாரம்.

ஒன்று, ஏரிக்கரையில் தண்ணீர் வருகிற, கதவு பூட்டுகிற கழிப்பறைகள். ஊர்ப் பெண்களும் குழந்தைகளும் பயன்படுத்துகிற மாதிரி, ஊர்ப் பெண்களுக்கே சம்பளம் கொடுத்துப் பராமரிக்கிற மாதிரி.

இரண்டு, படகுச் சவாரி கூடாது என்றால், கரையில் நிஜமாகவே கூடாது. அனுமதிப்பது என்றால், உரிமம் பெற்ற படகு, ஏற்றலாமென்ற எண்ணிக்கை படகின் மேலேயே பெயின்ட்டில், ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை. குழந்தைக்குக் குழந்தை அளவில். பெரியவர் சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால், சட்டை மிதக்கும், குழந்தை கீழே நழுவும்.

மூன்று, குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் ஒரு தடுப்பு. அது வெளியூர்க் குழந்தைக்கு மட்டும் இல்லை.

நான்கு, விருப்பப்பட்ட வீடுகளில் ஓர் அறையைச் சீரமைக்கச் சிறு கடனும் பயிற்சியும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-லிருந்து இருக்கிறது. முட்டுக்காட்டில் படகுக் குழாம் நடத்துகிற அனுபவம் அதற்கு உண்டு. அதை வடக்கே கொஞ்சம் திருப்பினால் போதும்.

ஐந்து, தோணிரேவுப் பிள்ளைகளுக்கு நீச்சலும், தண்ணீரில் விழுந்தவரைக் காப்பாற்றுகிற பயிற்சியும். மீனவர் பிள்ளைக்குத் தண்ணீர் பழக்கம்தானே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பழகிய தண்ணீர்தான் காவு வாங்கும்.

இதெல்லாம் நடக்கிற வரை என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? லீவுக்குக் காலையில் போங்கள், மத்தியானத்துக்குள் திரும்புங்கள். படகில் ஏறாதீர்கள், எத்தனை பேர் கூப்பிட்டாலும். குழந்தையின் கையை விடாதீர்கள். ஓலைக் கூடை வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். ரிசார்ட்டில் பூரிக்குப் பேரம் பேசினீர்களா?

மீறி ரிசார்ட்டுக்குத்தான் போவேன் என்றால், மகராசனாகப் போங்கள். போவதற்கு முன்னால் சுவரில் அந்தப் பென்சில் கோடு மட்டும் போட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தக் கோடு இப்போது 95-ல் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் இரண்டு ஓலைக் கிலுகிலுப்பை தொங்குகிறது. ஒன்றில் ஓலை பிரிந்துவிட்டது. 'அந்தப் பாட்டிகிட்டப் போய் சரி பண்ணிட்டு வரலாம்' என்று சின்னவள் தினமும் கேட்கிறாள். போகத்தான் போகிறேன். அந்தத் திண்ணையில் எனக்கு முன்னால் ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஒருவரும் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.